இடது கையில் மாவுப் பை

அன்புள்ள லொரெட்டா,

நீயும் நம் ஜூனியும் சுகம்தானே? உன் அம்மாவின் இருமல் குறைந்ததா? எனக்கு ஒரு குறையும் இல்லை. இங்கே டகோட்டாவில்தான் இன்னும் பனி விடவில்லை.

பக்கத்து பெட்ரோல் பங்கில் ஏதோ தகராறாம். அதனால் எங்கள் முதலாளி எல்லோரையும் துப்பாக்கிப் பயிற்சிக்கு அனுப்பினார். பயப்படாதே, சும்மா முன்னெச்சரிக்கைதான். நேற்று ஒற்றைக் கையால் சுடும் பாடம். இடது கையில் குழந்தை இருந்தால் எப்படிச் சுடுவது என்று பழகுவதற்கு, பயிற்சி தரும் ட்ரூடி அம்மா ஆளுக்கொரு மாவுப் பையைக் கொடுத்தார். முதல் வெடிச்சத்தம் கேட்டதுமே நான் என்னை அறியாமல் பையைத் தட்டிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டேன்.

"ஏம்பா வெர்னன், குறி எங்கேயோ போவுது. மாவு என்ன அழுவுதா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

கிளம்பும்போது, "இத நீயே வச்சுக்க, ரொட்டி சுட்டுச் சாப்புடு" என்று பையை என்னிடமே கொடுத்துவிட்டார். இன்னும் பிரிக்கவில்லை.

தடித்த காலுறை இருந்தால் அனுப்பு. வேலைக்கு நேரமாகிறது. ஜூனி இப்போது எத்தனை பவுண்டு இருக்கிறாள் என்று மறக்காமல் எழுது. இந்தப் பை பத்து பவுண்டு. நான் கிளம்பிய அன்று அவளும் அவ்வளவுதான் இருந்தாள்.

உன்
வெர்னன்