ஒருத்திக்கு ரெண்டு பேர்

தல்லாகுளம்
15.4.2025

அன்புள்ள சுலைமான் அண்ணனுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

அல்லாஹ் கிருபையால் இங்கே எல்லாரும் சுகம். மதினிக்கு முட்டிவலி தேவலையா? சுகம் விசாரிச்சாச்சு, இனி சண்டைக்கு வாரேன்.

நேத்து கூடைப்பந்து கோர்ட்டில் அம்புட்டுப் பேர் முன்னால் என்ன சொன்னீங்க? "எதுவா இருந்தாலும் எழுத்துல குடு ஹஃபீஸா. கிளப் செயலாளர்கிட்ட வாயால பேசக் கூடாது." கூடப்பிறந்தவளிடம்! சரி, எழுத்தில் தாரேன். சுஃபியா பயிற்சிக்கு வரும்போது கொண்டு வருவாள். நீங்களும் எழுதுங்க. போனை எடுக்க மாட்டேன்.

பவதாரிணியைக் கோயம்புத்தூர் கிளப்புக்குக் கொடுத்துவிட்டு, அங்கேயிருந்து நெட்டையாக ரெண்டு பிள்ளைகளை மாற்றிக்கொள்ளப் போறீங்களாமே. செக்கானூரணிப் பக்கத்திலிருந்து ரெண்டு பஸ் மாறி வந்து ஆடுகிற பிள்ளை அது. நம்ம மகளிர் டீம் மூணு வருஷமாகக் கோப்பை தூக்குவது யாரால்?

நான் எட்டாவதோடு நின்றவள்தான். ஆனால் கூடைப்பந்து விதிப் புத்தகத்தை எழுத்துக்கூட்டிப் படித்து, எட்டு வருஷமாக ஸ்கோர் மேசையில் உட்கார்ந்திருக்கேன். இந்த சீசன் இருபத்திரண்டு மேட்ச். பவதாரிணி போட்டது 391 பாயிண்ட். அது எல்லார் கண்ணுக்கும் தெரியும். பந்து யார் கொடுத்து யார் போட்டது என்று நான் தனியாக ஒரு பத்தி போட்டு எழுதுவது யாருக்கும் தெரியாது. என் மகள் சுஃபியா போட்ட அறுபத்துநாலு கூடையில் நாற்பத்தொன்று பவதாரிணி கொடுத்த பந்து. பெத்தவளே சொல்றேன். அவளை அனுப்பினால் அஞ்சு பேரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பாங்க.

முடிவை மாத்துங்க.

உங்கள் தங்கச்சி
ஹஃபீஸா

*

19.4.2025

அன்புத் தங்கச்சி ஹஃபீஸாவுக்கு, வ அலைக்கும் ஸலாம்.

மதினி நலம். உன் கோபத்தை வாசித்துக் காட்டினேன், சிரித்தாள்.

பிப்ரவரியில் பவதாரிணிக்குக் கணுக்கால் பிசகிய மேட்ச் ஞாபகம் இருக்கா? பத்தொன்பது பாயிண்டில் தோற்றோம். அதுவும் உன் நோட்டில்தான் இருக்கு. ஒருத்தி கணுக்காலை நம்பி ஒரு கிளப்பை நடத்தச் சொல்றியா? ரெண்டு பேர் வந்தால் ரெண்டு தூண். மேலும், அவள் போனால் கேப்டன் உன் சுஃபியாதான். உனக்காகவும்தான் யோசிக்கிறேன், நீதான் புரிஞ்சுக்க மாட்டேங்கிற.

இன்னொன்றும் சொல்லிடுறேன். அவங்க பவதாரிணியைக் கேட்டதே உன் நோட்டைப் பார்த்துத்தான். பெருநாள் அன்னிக்கு உன் வீட்டில் போட்டோ எடுத்து அனுப்பினேன். "இம்புட்டு சுத்தமா யாரு எழுதினது"ன்னு அந்த கோச்சே அசந்துட்டார். பெருமைப்படு.

யாரை வைப்பது, யாரை மாற்றுவது என்பது செயலாளர் முடிவு. நம்ம அத்தா கிளப் ஆரம்பித்தபோது சொல்லச் சொல்ல நீ எழுதிய விதி நோட்டு உன் பீரோவில்தானே இருக்கு? எடுத்துப் படி.

அண்ணன்
சுலைமான்

*

21.4.2025

அண்ணனுக்கு,

பெருமைப்படணுமா? நான் ஆக்கிய பிரியாணியைச் சாப்பிட்டுவிட்டு, நான் லுஹர் தொழப் போன நேரத்தில் என் நோட்டை விரித்து வைத்துப் போட்டோ எடுத்திருக்கீங்க. ஸஜ்தாவில் நெற்றி வைத்திருந்தேன், அண்ணே. அந்தப் பக்கம் என் சொந்த அண்ணன் இந்த வேலை பார்க்கிறார்.

அந்தப் பத்தியை நான் எழுதியது அந்தப் பிள்ளையின் அருமை நமக்குத் தெரியணும் என்று. விலை பேச இல்லை. என் மகளுக்குக் கேப்டன் பதவி காட்டி என் வாயை அடைக்கலாம் என்று நினைத்தீங்களே, அதுதான் இன்னும் எரியுது.

ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். போகிறாயா, இருக்கிறாயா என்று பவதாரிணியிடம் ஒரு வார்த்தை கேட்டீங்களா?

ஹஃபீஸா

*

24.4.2025

ஹஃபீஸா,

நீ கேட்டியா? ரெண்டு கடிதத்தையும் திருப்பிப் படிச்சேன். அதில் அவள் சொன்னதாக ஒரு வரி இல்லை.

மே நாலு ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூர்க்காரர்கள் வருகிறார்கள். கையெழுத்து ஆகும்.

சுலைமான்

*

29.4.2025

கிளப் செயலாளர் அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தைக் கொண்டுவர சுஃபியா மறுத்துட்டா. அதனால் பதிவுத் தபாலில் வருது.

உங்கள் கேள்வி மூணு நாள் என்னைத் தூங்க விடலை. நானும்தான் கேட்கலை. நோட்டை நீட்டி நீட்டிப் பேசினேனே தவிர, அவள் முகத்தைப் பார்க்கலை. நேத்து ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய், அவள் பஸ் வரும்வரை நின்று கேட்டேன்.

"போகத்தாம்மா ஆசை"ன்னா. "அங்க மரத்தரை கோர்ட்டு, ஹாஸ்டல் எல்லாம் இருக்கு. எங்க அம்மாவும் சரின்னுருச்சு. ஆனா ரெண்டு பேரைக் குடுத்து என்னை எடுத்தா, தோக்குற அன்னிக்கெல்லாம் 'ஒன்னால ரெண்டு பேரு போச்சு'ன்னு சொல்லிக் காட்டுவாங்கள்ல? அந்த ரெண்டு அக்காவும் வர மாட்டேன்னு அழுதாங்களாம்மா. ஆட்டை மாத்துற மாதிரி மாத்துறீங்க."

அவளை இருக்கச் சொல்லத்தான் போனேன். சொல்லலை. வீட்டுக்கு வந்து, நீங்க சொன்ன மாதிரியே விதி நோட்டை எடுத்துப் படிச்சேன். ஒன்பதாவது விதி, என் கையெழுத்து, அத்தா வார்த்தை: "ஆடுகிற பிள்ளை தன் கையால் எழுதிக் கேட்டால் தடை சொல்லாமல் அனுப்ப வேண்டும். ஈடாக ஆளோ பொருளோ வாங்கக் கூடாது."

இன்னிக்குப் பவதாரிணி தன் கையால் எழுதித் தந்த கடிதத்தை இதோடு வைத்திருக்கேன். அவள் போறா. யாரும் வரப் போறதில்லை.

இந்த வருஷம் நம்ம டீம் தோற்கும். எத்தனை பாயிண்டில் என்றுகூட என்னால் சொல்ல முடியும். சுஃபியாவுக்கும் அது தெரியும், அதான் என்னோடு பேச மாட்டேங்கிறா. அவள் கோபம் நியாயம். தாங்கிக்கிறேன். உங்கள் கோபத்தைத் தாங்க மாட்டேன், அதுக்கு உங்களுக்கு உரிமை இல்லை.

ஸ்கோர் மேசைக்கு வேறு ஆள் பாருங்க. நோட்டு என்னிடமே இருக்கும்.

பக்ரீத்துக்கு குர்பானிக் கறியில் சொந்தக்காரர் பங்கு மூணில் ஒண்ணு. அது அல்லாஹ்வுக்காகப் பிரிப்பது. என் கோபம் அதில் கை வைக்காது. உங்கள் பங்கு எலும்பும் ஈரலுமாக, மதினிக்குப் பிடித்தபடி, சுஃபியா அத்தா கையில் வரும்.

நான் வர மாட்டேன்.

ஹஃபீஸா