பொட்டு வைத்த சிப்

சுபாங் ஜெயாவில் மழைக்கு ஒரு ரேடியோ பழுதுபார்க்கும் கடையில் ஒதுங்கினேன். உள்ளே ஒருவர் குனிந்து சோல்டர் வைத்துக்கொண்டிருந்தார். ஈயம் உருகும்போது எழும் அந்தப் பிசின் புகை. மழை நின்ற பிறகும் நான் நகரவில்லை.

"அக்கா, என்ன வேணும்?"

ஒரு பேட்டரி வாங்கினேன். எந்தக் கருவிக்கும் பொருந்தாத பேட்டரி. இதை உன்னிடம் சொன்னால் சிரிப்பாய் என்று நினைத்தபடியே பஸ் நிறுத்தம் வரை நடந்துவிட்டேன்.

பிரிக்ஃபீல்ட்ஸில் பூக்கடைக்கு மேல், நீயும் நானும் தொழில் தொடங்க எடுத்த அறை. பல்கலைக்கழகம் முடித்த ஆண்டு. ஒரு மேசை. யாரோ கழித்துவிட்ட கணினி. தபாலில் வந்த, உள்ளங்கை அளவு போர்டு. அந்தப் போர்டே ஒரு குட்டிக் கணினி. அதற்குத் தெரிந்த கணினி மொழி ஃபோர்த். கணினியையும் போர்டையும் ஒரு கேபிளால் இணைக்க வேண்டும். இங்கே தட்டினால் அங்கே கேட்க வேண்டும். அவ்வளவுதான். அதற்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது.

முதலில் திரையில் எதுவுமே இல்லை. நீ கேபிளின் தலையைப் பிரித்துப் பார்த்தாய்.

"ரெண்டு பேரும் ஒரே வயர்ல பேசுறாங்க. கேக்குற வயர்ல யாரும் பேசல. உங்க வீடு மாதிரி."

"எங்க வீட்ல கேக்குற வயரே கிடையாது லா."

கம்பிகளை மாற்றி ஒட்டினாய். இப்போது குப்பை எழுத்துகள் வந்தன. வேகம் பொருந்தவில்லை. ஒவ்வொரு வேகமாக மாற்றிக்கொண்டே போனோம். கீழே பூக்கடையில் மாலை நேரத்துக் கூட்டம் சேரத் தொடங்கியபோது, திரையில் சுத்தமாக ஒரு 'ஓகே' வந்து நின்றது. நீ உடனே தட்டினாய்: இரண்டு, மூன்று, அப்புறம் கூட்டல் குறி, ஒரு புள்ளி. போர்டு ஐந்து என்றது.

"வினை கடைசில வருது பாரு. எங்க அம்மா பேசுற மாதிரி," என்றாய்.

ஃபோர்த்தில் சின்னச் சொல் ஒன்றை முதலில் சொல்லிக்கொடுக்க வேண்டும். அதை உடனே சோதிக்கலாம். அப்படிச் சேர்ந்த சொற்களைக் கொண்டு பெரிய சொல் செய்யலாம். பெயர் நம் இஷ்டம். ஆங்கில எழுத்தில் தமிழ்ப் பெயர்களை வைத்தாய். 'சூடு' என்றால் பல்ப் எரியும். 'போதும்' என்றால் அணையும். நான் எழுதியதை நீதான் தட்டிப் பார்க்க வேண்டும், நீ எழுதியதை நான். அது உன் சட்டம்.

செமினியில் கோழிப்பண்ணை வைத்திருந்த அண்ணன்தான் நம் ஒரே வாடிக்கையாளர். குஞ்சு பொரிக்கும் பெட்டியில் பல்பை எரித்து அணைத்து, சூடு ஏறாமல் இறங்காமல் பார்த்துக்கொள்ள ஒரு கருவி கேட்டார். ஒரு பெட்டி சரியாக வந்தால் எல்லாப் பெட்டிக்கும் நமக்கே வேலை என்றார்.

உன் அப்பா அப்போதே டிக்கெட் விலை விசாரித்துக்கொண்டிருந்தார். அரசாங்க உத்தியோகத்தில் ஓய்வு பெற்றவர். மூத்த மகன் லண்டனில். நீயும் அங்கே போய்விட வேண்டும், மற்றதை அண்ணன் பார்த்துக்கொள்வான் என்பது அவர் முடிவு.

"அப்பா, கொஞ்சம் பொறுங்கோ," என்றாய். என்னோடு ஒரு தமிழ், அவரோடு ஒரு தமிழ் உனக்கு.

அவர் உன்னை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "சரி பிள்ளை. குஞ்சு பொரிக்கட்டும். பொரிக்காட்டி இவள் லண்டனுக்கு வெளிக்கிட வேணும்."

படியிறங்கும்போது உன்னிடம் கேட்டேன், லண்டன் போனால்தான் என்ன என்று.

"அங்க நான் அண்ணன் வீட்டு விருந்தாளி. இங்க நான் சொன்னா ஒன்னு கேக்குது."

நம் சொற்களை ஒரு சிப்பில் நிரந்தரமாக எழுதினோம். அந்தச் சிப்பின் முதுகில் சின்னக் கண்ணாடிச் சன்னல் உண்டு. தொடர்ந்து வெயில் பட்டால் எழுதியது அழிந்துபோகும். அதை மூடும் வெள்ளி ஸ்டிக்கர் தீர்ந்திருந்தது. நீ கீழே போய் ஒரு அட்டை பொட்டு வாங்கி வந்தாய். இருப்பதிலேயே பெரிய, அரக்குச் சிவப்புப் பொட்டு.

"நெத்திக்கண்ணு. தொறந்தா எல்லாம் சாம்பல்," என்று சொல்லி அழுத்தி ஒட்டினாய். நமக்கு அது மிகப் பொருத்தமாகத் தோன்றியது.

இரண்டு வாரம் எல்லாம் ஒழுங்காகப் போனது. ஒரு காலையில் பண்ணை அண்ணன் பூக்கடைக்குப் போன் செய்தார். "தங்கச்சி, பெட்டி ஆறிக்கிட்டே போவுது. குஞ்சு வராதுன்னா இப்பவே சொல்லிடுங்க லா."

கணினியைத் துணியில் சுற்றி டாக்சியில் ஏற்றினோம். கொட்டகையில் போய்ப் பார்த்தால், காற்றுப் படட்டும் என்று நாம் திறந்துவைத்த கருவியின் மூடி வழியாக வெயில் நேராகப் போர்டில் விழுந்துகொண்டிருந்தது. பெட்டிச் சூட்டில் பசை இளகி, பொட்டு நழுவி ஓரமாகக் கிடந்தது. நம் சொற்கள் போய்விட்டன. ஃபோர்த் இருந்த சிப் தனி, அது பிழைத்திருந்தது. கேபிளைச் செருகியதும் 'ஓகே' என்றது, ஒன்றும் நடக்காததுபோல.

"நீ போய் வேற சிப் எழுதிட்டு வா," என்றாய். "நான் பாத்துக்கிறேன்."

அண்ணனின் லோரியில் முட்டைத் தட்டுகளுக்கு நடுவே பிரிக்ஃபீல்ட்ஸ் வந்தேன். சிப் எழுதும் கருவி அங்கேதான் இருந்தது. வழியெல்லாம் உன் அப்பாவின் முகம். திரும்பும்போது செராஸில் நெரிசல். கொட்டகைக்கு வரும்போது வெயில் சாய்ந்திருந்தது.

முதலில் 'சூடு', 'போதும்' இரண்டை மட்டும் சொல்லிக்கொடுத்து, மாற்றி மாற்றிக் கையாலேயே தட்டிப் பெட்டியைக் காப்பாற்றியிருக்கிறாய். நடுவில் கிடைத்த இடைவெளிகளில் மற்றச் சொற்களை ஒவ்வொன்றாக மறுபடி சொல்லிக்கொடுத்திருக்கிறாய். நான் வந்தபோது போர்டு தானாகவே நடந்துகொண்டிருந்தது. ஆனால் ஒரு நொடி கரண்ட் போனாலும் எல்லாம் மறந்துவிடும். நீ பிளக்கைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருந்தாய்.

"வந்ததுலேருந்து எழுந்திரிக்கல," என்றார் அண்ணன். "தாய்க்கோழி கூட தண்ணி குடிக்கப் போவும் லா."

"கோழிக்குக் கரண்ட் போவாது அண்ணே," என்றாய்.

புதுச் சிப்பைச் செருகினோம். அடுத்த வாரம் குஞ்சுகள் வந்தன. எல்லாம் அல்ல, ஆனால் போதுமான அளவு. உன் அப்பா செமினிக்கே வந்தார். வெள்ளைச் சட்டையோடு குனிந்து, ஈரம் காயாத குஞ்சுகளை வெகுநேரம் பார்த்தார். "இவ்வளவு சத்தம் போடுமே," என்றார். லண்டனைப் பற்றிப் பிறகு பேசவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்.

அதற்குப் பிறகு சில ஆண்டுகள். மேலும் பெட்டிகள், இன்னொரு மேசை. அவை நல்ல ஆண்டுகள் என்பது அப்போது தெரியவில்லை. வேலை இருந்தது, அவ்வளவே.

பிறகு கொசு கொண்டுவந்த டெங்கிக் காய்ச்சல். ஒரு வாரம்கூட இல்லை.

காரியம் முடிந்து உன் வீட்டில் நாற்காலிகளை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள். உன் அப்பா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். "லண்டனில நுளம்பு இல்லை பிள்ளை," என்றார். அவர் மனதில் வெந்துகொண்டிருந்தது என்னவென்று எனக்குத் தெரியும். என் மனதிலும் அதுதான். அன்று அந்த முட்டைகள் கெட்டுப்போயிருந்தால் நீ எங்கோ குளிரில் இருந்திருப்பாய். உயிரோடு.

பிறகு அவரே சொன்னார்: "எண்டாலும் அவள் போயிருக்க மாட்டாள்."

அது உண்மையா, அல்லது எனக்காகச் சொன்னதா? இப்போதும் அவரைப் பார்க்கப் போகிறேன். உன்னைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. மின்விசிறியில் ஏதோ சத்தம் என்பார், கழற்றிப் பார்ப்பேன்.

அறையில் வேலை நடக்கிறது. ஒரு சொல்லை எழுதி முடித்ததும் கை தானாக நின்றுவிடுகிறது. நீ தட்டிப் பார்க்க வேண்டிய நேரம் அது. நானே தட்டிப் பார்த்துக்கொள்கிறேன். சரியாகத்தான் வருகிறது. அதில் ஒரு மகிழ்ச்சியும் இல்லை.

சிங்கப்பூரிலிருந்து என் அண்ணன் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். நல்ல வேலை, நல்ல சம்பளம். போன வாரமும் போன். "ஒத்தையில அங்க என்னதான் பண்ற? ஒரு காரணம் சொல்லு."

எனக்கென்று ஒரு காரணமும் இல்லை. அன்று படியில் நீ சொன்னதைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.