உளுத்த விட்டத்தின் மேல் ஒரு வகுப்பு

இன்வர்லோ, ஸ்காட்லாந்து
மார்ச், 1868

அன்புள்ள ஈவன்,

என் மூட்டுவலியைத் தவிர இங்கே எல்லோரும் சுகம். கனடாப் பனியில் நீ காலுறை நனையாமல் வேளைக்குக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தால் எனக்கு அதுவே போதும். பாலம் கட்டுவதையும் கல்லூரியில் சொல்லித்தரலாம் என்று இந்த ஊரில் முதலில் கிளம்பியவர் உன் அப்பா, இத்தனை வருஷம் ஆகியும் அவரிடம் படிக்கும் பையன்களுக்குப் பட்டம் கிடையாது, வகுப்பும் அந்தப் பழைய மாடியறையில்தான். ஓய்வு பெறுவதற்குள் அந்தப் பட்டத்தைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று அவர் தவித்தது உனக்குத் தெரியாததா. போன செவ்வாய்க்கிழமை மற்றப் பேராசிரியர்கள் வந்து பாடம் கேட்டு முடிவு சொல்வதாக ஏற்பாடு.

பாடம் நன்றாகத்தான் நடந்ததாம், ஆனால் முடிந்ததும் ஒரு பையன்கூடக் காலைத் தட்டவில்லை. பாடம் பிடித்தால் பூட்ஸ் காலால் தரையை அதிரவைப்பதும் பிடிக்காவிட்டால் சும்மா உட்கார்ந்திருப்பதும்தானே நம் கல்லூரி வழக்கம். கிரேக்கம் சொல்லித்தரும் லாக்கார்ட் கிழவர், பசங்களுக்கே புடிக்கலை, நமக்கென்ன வந்துச்சு என்றாராம். பட்டம் இல்லை என்று முடித்துவிட்டார்கள். நன்றிகெட்ட பயல்கள் என்று நான் அழுதுகொண்டே திட்டினேன். அப்பாவோ, அவங்களைத் திட்டாதே கிரிசெல், மாடித் தரையைத் தாங்குற விட்டம் உளுத்துப்போச்சு, தட்டவே கூடாதுன்னு நான்தான் சொல்லி வெச்சிருந்தேன் என்றார். அதை அந்தப் பேராசிரியருங்ககிட்டச் சொல்றதுக்கென்ன என்று கேட்டேன். போன வருஷமே சொன்னேன், இதெல்லாம் தச்சன் பேச்சுன்னு சிரிச்சாங்க என்று சொல்லிவிட்டு ஆறிப்போன சூப்பைக் குடித்தார்.

மறுநாள் காலை அத்தனை பையன்களும் நம் முற்றத்துக்கு வந்துவிட்டார்கள். பேராசிரியர்கள் வீடெல்லாம் அதைச் சுற்றித்தானே இருக்கிறது. கல் தரையில் நின்றுகொண்டு தட்டினார்கள் பார், என் அலமாரிப் பீங்கான் எல்லாம் ஆடியது. லாக்கார்ட் தூக்கக் குல்லாயோடு தலையை நீட்டி, என்னடா கலகமா என்றார். ஷெட்லாந்துப் பையன் ஒருவன், நேத்துப் பாடத்துக்குங்கய்யா, அங்கேயே தட்டியிருந்தா நீங்களும் எங்களோட கீழ போயிருப்பீங்க என்றான். உன் அப்பா வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார், நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

லாக்கார்டை மாடிக்கு அழைத்துப்போய்த் தரைப்பலகை ஒன்றைப் பெயர்த்து, அப்பா பேனாக்கத்தியை விட்டத்தில் குத்தினார், பிடிவரைக்கும் இறங்கியதாம். கிழவர் முகம் வெளுத்துப்போய்த் திரும்பி வந்தார். விட்டத்தை மாற்ற அன்றைக்கே ஆள் வந்தாயிற்று. பட்டத்தைப் பற்றி மறுபடி கூடிப் பேசுவார்களாம், எப்போது என்று யாரும் சொல்லவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அப்பாவோ, மொதல்ல விட்டம், அதுதான் முறை என்கிறார்.

உன் தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது, மறக்காமல் அவளுக்கு இரண்டு வரி எழுது. கர்த்தர் உன் கூடவே இருந்து காப்பாற்றட்டும்.

உன்னையே நினைத்திருக்கும் அம்மா,
கிரிசெல்