பூட்டப் போன வீட்டில் இரண்டு தீக்குச்சிகள்

ஏரிக்கரை, கொலராடோ
அக்டோபர் கடைசி

அன்புள்ள லியாண்ட்ரோ அண்ணாவுக்கு ஒடீலியா எழுதுவது. அம்மாவும் நானும் சுகம். நீயும் சுகமாகத்தான் இருக்கிறாய் என்று தெரிந்துகொண்டேன், தெரியவைத்தவை இரண்டு தீக்குச்சிகள். நம் முதலாளி விட்காம்ப் அம்மையாரின் மேற்குக்கரை வீட்டைக் குளிர்காலத்துக்காக மூடப் போனபோது முதலில் கண்ணில் பட்டவை அவைதான், இரும்பு அடுப்புக் கதவின் கைப்பிடியில் சுற்றியிருக்கும் கம்பிச் சுருளுக்குள் தலை மட்டும் தெரியச் செருகியிருந்தன. உள்ளே விறகு அடுக்கித் தயாராக இருந்தது. புறப்படுகிறவர்கள் அடுத்து வருகிறவருக்காக அடுப்பை அடுக்கி வைத்துவிட்டுப் போவது இந்த ஏரியில் எல்லாரும் செய்வதுதான். ஆனால் குச்சியை அந்தச் சுருளில் செருகி வைத்தவர் நம் அப்பா ஒருவர்தான், அவர் போன பிறகு நீயும் நானும். வசந்தகாலத்துக்குப் பிறகு நான் அந்த வீட்டுக்குள் கால் வைக்கவில்லை.

அது இருக்கட்டும், நேற்றுச் சாயங்காலம் அம்மா சொல்லச் சொன்னதை எழுதிவிடுகிறேன். அவளுக்கு விரல் மூட்டெல்லாம் வீங்கிக் கிடக்கிறது, பேனா பிடிக்க முடியவில்லை. ஆஸ்பென் மரமெல்லாம் இந்த வருஷம் சீக்கிரமே மஞ்சளாகி ஒரே காற்றில் கொட்டிவிட்டது, படகெல்லாம் இலை. உச்சியில் பனி விழுந்துவிட்டது, எல்க் மான்கள் கீழே இறங்கிக் கத்த ஆரம்பித்துவிட்டன. சிகாகோவில் காற்று ஈரமாக அடிக்குமாம், காதை மூடிக்கொண்டு போகச் சொன்னாள். "பச்சை மிளகாய வறுத்துத் தோலுரிச்சு எடுத்து வெச்சிருக்கேன், அவன் வந்தப்புறம்தான் கறி வைக்கணும்னு எழுது. அவன் கட்டில்ல புதுப் போர்வை போட்டிருக்கேன்னு எழுது. படகுத்துறைப் பலகைய இன்னும் கரைக்கு இழுக்கல, அவன் வந்து இழுப்பான்னு எழுதுடி" என்றாள். எழுதிவிட்டேன். இதுவரை அம்மா, இனிமேல் நான்.

அந்தக் குச்சிகளைப் பார்த்த மறுநாள் கடைக்குப் போனேன். பெர்னிஸிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை, என்னைத்தான் உனக்குத் தெரியுமே. அவளே ஆரம்பித்தாள். "என்ன ஒடீ, உங்கண்ணன் அவ்வளவு பெரிய ஆளாயிட்டானா? ஆஸ்பென் பாக்க வந்து விட்காம்ப் வீட்டுல தங்கின ஒரு குடும்பத்தோட இங்க வந்து நின்னான். லியாண்ட்ரோன்னு கூப்பிடறேன், செவிடனாட்டம் நிக்கிறான். யாரு இவங்கன்னு கூட வந்த பொண்ணு கேட்டா, வேற யாரோன்னு நெனச்சுக் கூப்பிடறாங்கன்னு சொல்றான். என் கடைல மிட்டாய் திருடித் தின்ன மூஞ்சி எனக்குத் தெரியாதாக்கும்!" சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நானும் சிரித்தேன். அம்மா காதில் போட்டுவிடாதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டு வந்தேன்.

அந்த வீட்டு முன்தாழ்வாரத்தில் நின்றால் தண்ணீருக்கு இந்தப் பக்கம் நம் வீட்டுப் புகைபோக்கி தெரியும். நீ பார்க்காமல் இருந்திருக்க முடியாது. அந்தப் பெண் கேட்டிருந்தால் எங்களை யாரென்று சொல்லியிருப்பாய்? கோடைக்கு வருகிறவர்களின் வீட்டைக் கூட்டித் துடைக்கிறவர்கள் என்றா? அது பொய்யும் இல்லை. நீ கிளம்பியபோது, ரெண்டே வருஷம் ஒடீ, நான் அங்க காலூன்றிக்கறேன், அப்புறம் நீ படி என்றாய், நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். நீ எல்லாவற்றையும் மறந்துபோயிருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது அண்ணா. அப்பா சொல்லிக்கொடுத்ததை நீ மறக்கவில்லை. இனிமேல் வரப்போகிற, முகம் தெரியாத யாரோ ஒருவனுக்கு தீக்குச்சி வைத்துவிட்டுப் போக உனக்கு ஞாபகம் இருந்திருக்கிறது. இக்கரையில் இருக்கிறவளைப் பார்க்க மட்டும் மனம் வரவில்லை.

துறை இன்னும் தண்ணீரில்தான் கிடக்கிறது. காலையில் அதன் கால்களைச் சுற்றிக் கண்ணாடி போல உறைகிறது, முன்பெல்லாம் மதியத்துக்குள் உருகிவிடும், இப்போது உருகுவதில்லை. ஏரி மூடிவிட்டால் பனிக்கட்டி அதை நசுக்கி எடுத்துவிடும், அப்புறம் விட்காம்ப் அம்மையார் வேறு ஆளைத் தேடிக்கொள்வார், வேலையோடு அவர் தந்த இந்த வீடும் போய்விடும். உனக்குத் தெரியாததா? பெர்னிஸின் கணவர் ஹார்லன் தாமாகவே வந்து, டிராக்டரைக் கொண்டாந்து இழுத்துடட்டுமா என்று கேட்டார். "எம் மகன் இருக்கும்போது ஊரான் எதுக்கு?" என்று அம்மா அவரை வாசலோடு அனுப்பிவிட்டாள். அவளுக்கு என்ன சொல்வது? நீ வந்துவிட்டுப் போய்விட்டாய் என்றா?

தினமும் உனக்காக ஜெபம் செய்கிறாளாம், தூங்குமுன் உன் நெற்றியில் அவள் சிலுவை வரைந்ததாக நினைத்துக்கொள்ளச் சொன்னாள். இருமல் வந்தால் அலட்சியமாக விடாதே, கம்பளிக் காலுறையை மறக்காமல் போட்டுக்கொள் என்றாள். அவளுடைய ஆசியை நான் குறைக்காமல் அப்படியே அனுப்புகிறேன்.

நீ வருவதானால் அவளைப் பார்க்க வா, துறைக்காக வர வேண்டாம். இன்று காலை அம்மா எழுவதற்கு முன்பே கடைக்குப் போனேன். வேட்டைக்கு வந்தவர்கள் நிறையப் பேர் காப்பிக் கோப்பையோடு நின்றார்கள். அத்தனை பேர் முன்னாலும் ஹார்லனிடம், எங்கள் அண்ணன் வரமாட்டான், நீங்கள் டிராக்டரை எடுத்துக்கொண்டு வாருங்கள் என்று சத்தமாகவே சொன்னேன்.

உன் தங்கை
ஒடீலியா