மச்சினன் ஏறிய கூண்டு

செவ்வாய், இரவு.

எல்லாம் நான் முன்பே சொன்னதுதான். வேலி வழக்கில் சாட்சி சொல்லப் போகும் மச்சினனைக் குறுக்கு விசாரணையில் மடக்குவார்கள் என்றேன், மடக்கினார்கள். ஆனாலும் இன்று கொட்டாரம் டீக்கடையில் அவன்தான் ராஜா.

"வக்கீல் 'ஐ புட் இட் டு யூ'ன்னு விரலை நீட்டுனாரு. நான் 'ஐ டினை'ன்னேன்!"

"கொள்ளாம் மக்கா!" என்று மெச்சினார் கடைக்காரர். பொய் சொல்கிறாய் என்பதைத்தான் வக்கீல்கள் 'ஐ புட் இட் டு யூ' என்று மரியாதையாகச் சொல்வார்கள்; 'ஐ டினை' என்றால் மறுக்கிறேன். அந்தக் கடையில் கோர்ட்டு இங்கிலீஷ் இத்தனை காலம் என் சொத்து. பொறுக்காமல், முன்பு நான் சாட்சியாகப் போன வழக்கின் கதையை எடுத்துவிட்டேன்.

"என்னை மூணு மணி நேரம் கிராஸ் பண்ணுனாவ. பதிலையும் அவரே எடுத்துக் குடுத்துக் கேட்டாரு, 'லீடிங் கொஸ்டின்'னு நானே அப்ஜெக்சன் சொன்னேன். ஜட்ஜே அசந்துட்டாரு."

"கூண்டுக்கு எத்தனை படி அத்தான்?" என்றான் மச்சினன்.

மூன்று என்றேன். சிரித்தான்.

படி எத்தனையோ! நான் போன அன்று வழக்கு சமாதானமாகிவிட்டது. வராந்தாவில் காத்திருந்த என்னைக் கூப்பிடவே இல்லை.