நண்டுக் கொடுக்குச் சீலை

பழவேற்காடு கோட்டை
1680, செப்டம்பர் 4

அன்புள்ள அக்காள் காசியம்மாளுக்கு,

தம்பி கோதண்டம் எழுதுவது. நலம். வலைக்கட்டையில் குறி செதுக்கியவன் என்று இனி யாரும் என்னை இளக்காரம் பேச முடியாது. கோட்டையை ஆளும் உலாந்தாக்கார வெள்ளையர் சீலைக்குப் பூ எழுதுவது நான். காசு அச்சுக்கு எழுத்து வரைவது நான். அவர்கள் கல்லறைக்கு மண்டையோடு வரைவதும் நான். இத்தனையும் தெரிந்தவன் இந்தக் கரையில் வேறு இல்லை. நம் வீட்டு நண்டுக் கொடுக்குக் குறியைச் சீலைக் கரையில் ஓடவிட்டேன். கட்டுக்கட்டாகக் கப்பலேறுகிறது, கோட்டைக் கூலியாட்களும் அதையே கட்டுகிறார்கள். மச்சானுக்கு ஒரு துண்டு அனுப்பியிருக்கிறேன்.

தங்கள்
கோதண்டம்

குப்பம்
ரௌத்திரி வருடம், ஆவணி 28

தம்பி கோதண்டத்துக்கு,

அக்காள் சொல்லச் சொல்ல வாத்தியார் சகாதேவன் எழுதுவது. தோணியேறினால் வீடு. அந்தத் தூரத்துக்கு ஓர் ஓலை, ஓலையில் வெள்ளைக்காரன் தேதி. ரொம்பப் பெரிய மனிதனாகிவிட்டாய். செத்தவனுக்கு மண்டையோடு வரைகிறாயாமே, அது அவனிடமே இருக்கிறதே.

நண்டுக் கொடுக்கு உன் பூவேலை இல்லை. கடலில் போனவன் முகத்தை மீன் தின்றாலும், வேட்டி முனையில் அந்தக் குறியைப் பார்த்துத்தான் நம் வீட்டு ஆண் என்று எடுத்து அடக்கம் செய்கிறோம். ஊரெல்லாம் அதைக் கட்டினால் நான் யாரை அழுவது? அந்தக் குறியை நீ வரைந்து வைத்திருக்கும் காகிதத்தைக் கிழித்துப் போடு. நீ அனுப்பிய துண்டு சட்டி இறக்க உதவுகிறது.

காசியம்மாள்

பழவேற்காடு கோட்டை
1680, செப்டம்பர் 19

அக்காளுக்கு,

குறி என்பது வெறும் கோடு. அழகாக வரைந்தவனுக்குத்தான் அது சொந்தம். மீன் கூடை சுமக்கிறவர்களுக்கு இது புரியாது, உங்களைக் குறைசொல்லிப் பயனில்லை. காகிதத்தைக் கிழிக்க மாட்டேன்.

கோதண்டம்

குப்பம்
ரௌத்திரி வருடம், கார்த்திகை 11

கோதண்டத்துக்கு,

ஐப்பசிப் புயலில் உன் மச்சான் போன கட்டுமரம் திரும்பவில்லை. ஆறாம் நாள் முகத்துவாரத்தில் ஓர் உடல் ஒதுங்கியது. முகமில்லை. இடுப்பில் நண்டுக் கொடுக்கு. புதைத்தோம். வளையல் உடைத்தேன், தாலி இறக்கினேன். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், ஆரம்பாக்கத்தில் கால் முறிந்து கிடந்த உன் மச்சான் நொண்டிக்கொண்டே வந்து வாசலில் நின்றார். "இன்னா காசி, யாருக்கு இந்தக் கோலம்?" என்றார்.

நாங்கள் புதைத்தது உன் கோட்டைக் கூலியாள் ஒருவனை. அவன் பெண்டாட்டி எங்கேயோ இன்னும் சோறு வைத்துக் காத்திருப்பாள். உன் சாமர்த்தியத்தை அவளிடம் போய்ச் சொல்.

நண்டுக் கொடுக்கை நாங்கள் விட்டுவிட்டோம், நீயே வைத்துக்கொள். வலைக்கட்டையிலும் வேட்டியிலும் புதுக் குறி போட்டாயிற்று. நான்தான் வரைந்தேன். கோணல்மாணலாக இருக்கிறது. உனக்குக் காட்டப்போவதில்லை.

இனி நீ கரை ஒதுங்கினால் எங்களுக்கு அடையாளம் தெரியாது.

காசியம்மாள்