இருபத்தொரு தட்டு

கலையரசிக்கு,

கணக்கு டீச்சரம்மாவுக்கு என்றுதான் முதலில் எழுதினேன். வெட்கமாக இருந்தது, கிழித்துவிட்டேன்.

கள்ளக்குறிச்சியில் என் தங்கச்சி மகள் மஞ்சள் நீராட்டுக்கு அறுபத்து மூன்று லட்டு, நூற்றைந்து சாத்துக்குடி வாங்கினோம். எல்லாத் தட்டும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், மிச்சமும் வரக் கூடாது என்றால் இருபத்தொரு தட்டுக்கு மேல் போக முடியாது என்று நீ சொன்னாய். "தாய்மாமன் சீரு, கம்மியா தூக்கினு போறதா?" என்று நான்தான் முப்பத்தைந்தாக்கினேன். சாத்துக்குடி மும்மூன்றாகச் சரியாகப் பிரிந்தது. லட்டை எண்ணிப் பார்க்கவே இல்லை. மற்றதில் இரண்டு இருக்க, ஏழு தட்டில் ஒற்றை லட்டு.

சபையில் வைத்துத் தங்கச்சி கேட்டாள்: "இன்னாண்ணா இது, யாரு பிரிச்சது?"

"ஒன் அண்ணிதான். கணக்குல புலியாச்சே" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். உன் முகத்தைப் பார்க்காமல் நானும் சிரித்தேன். நீ தட்டை இறக்கி வைத்துவிட்டு சின்னசேலம் பஸ் ஏறி உன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாய்.

நேற்று புளியங்கொட்டையை வைத்துப் பிரித்துப் பிரித்துப் பார்த்தேன். இருபத்தொன்றுக்கு மேல் எந்த எண்ணும் இரண்டுக்கும் ஒத்துவரவில்லை. உடனே தங்கச்சி வீட்டுக்குப் போய், தப்பு என்னுடையது என்று எல்லார் எதிரிலும் சொன்னேன். "அண்ணன் அண்ணிய எப்டி தாங்குது பாரு" என்று அதற்கும் சிரிக்கிறார்கள். நான் எதைச் சொன்னாலும் கேலி என்றே ஆகிவிட்டது.

நீ வந்து உன் வாயால் சொல். நம்புவார்கள். பக்கத்தில் நான் சிரிக்காமல் நிற்பேன்.

இப்படிக்கு,
லட்டை எண்ணாமல் விட்ட
உன் வீட்டுக்காரன்